எந்தக் கேனோடு கலந்தது

"அவரையும் டெஸ்ட் பண்ணணும் டாக்டர்."

கேட்டேவிட்டேன். 'உனக்கு என்ன பண்ணுதோ அதை மட்டும் சொல்லு, மாப்பிள்ளையை இழுக்காதே' என்று அம்மா காலையிலேயே போனில் பாடம் எடுத்திருந்தாள். செருப்பு மாட்டும்போது மாமியாரும் அதையேதான் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

அடிவயிற்றில் வலி. மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தக்கறை. இதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாரும் வழக்கமான டெஸ்டில் ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரே மாத்திரையைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். மாமியார் சூடு என்றார். வீட்டுக்காரர் கற்பனை என்றார். நானும் கொஞ்ச நாள் நம்பித் தொலைத்தேன்.

இந்த டாக்டரம்மாதான் வேறு டெஸ்டுக்கு அனுப்பினார். பிடிபட்டது. வாயில் நுழையாத பெயருள்ள கிருமி. உடலுறவில் தொற்றுவது.

"நான் மைக்ரோபயாலஜி படிச்சவ. புத்தகத்துல இதுக்கு ஒரு பாராதான் இருந்துச்சு" என்றேன்.

"எங்களுக்கு அதுகூட இல்ல" என்று சிரித்தார். "தேட ஆரம்பிச்சப்புறம்தான் தெரியுது. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அதுலயே யாருக்காவது இருக்கலாம். நிறைய பேருக்கு வலியே தெரியாது. உனக்குச் சரியாயிடும்மா. மருந்து மாத்தித் தரேன். ஆனா அவர்கிட்ட இருந்தா திரும்ப வந்து ஒட்டிக்கும்."

அதைத்தானே நானும் கேட்டேன்.

எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த படிப்புக்குப் பால் பண்ணையில் வேலை. வந்திறங்கும் பாலில் கிருமி தேடுவேன். ஒரு கேனில் இருந்தால் அது எந்தெந்தக் கேனோடு கலந்தது என்று கடைசிவரை போய்ப் பார்ப்போம். ஒன்றை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டு மற்றதை விட்டால் மறுநாள் மொத்தமும் போச்சு.

கேனைத் திட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

டாக்டரம்மா ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "மூத்திரம் போதும். வந்திருக்காரா?"

"வெளியில இருக்கார். வண்டியை விட்டு இறங்க மாட்டாராம்."

"கௌரவம்" என்றார்.

"இன்னொண்ணு குடுங்க டாக்டர்."

"ஏன், கொட்டிடுவாரா?"

"இல்ல. பொம்பளைங்களுக்குக் குடுப்பீங்களே, பஞ்சுக் குச்சி வெச்சது. அது."

என்னையே பார்த்தார். இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

"எப்படி எடுக்கணும்னு அவங்களுக்குச் சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன்."

வெளியே வண்டியில் உட்கார்ந்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் அவருடைய டப்பாவை நீட்டினேன். பாத்ரூம் உள்ளே வலதுபக்கம் என்றேன். முகம் செத்துப்போனது. என் கையிலிருந்த மற்றதைப் பார்த்தார்.

"அது யாருக்கு?"

பதில் அவருக்கே தெரியும்.

அடுத்த தெருவில் தையல் கடை, அதற்கு மேல்மாடியில் அவள் வீடு. இவர் அங்கே போய்வருவது தெரிந்ததிலிருந்து அந்தத் தெருவை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

இன்று நேராக நடந்தேன்.

அவளுக்கும் வலிக்கும். அவளிடமும் யாராவது சூடு என்று சொல்லியிருப்பார்கள்.