மீன்கறி இலவசம்

"சோறு கொண்டு வந்தவியளுக்கு இங்க எடமில்ல. வேற எங்கயாவது போய் இருந்து தின்னுங்க."

கடை வாசலில் நின்றபடி ததேயுஸ் முகத்தில் அடித்தாற்போலச் சொன்னான்.

ஷாஜன் வாத்தியாருக்குச் சுருக்கென்றது. பின்னால் வேனிலிருந்து இறங்கிய இருபது பேர் நிற்கிறார்கள். பாதிப் பேர் பிள்ளைகுட்டியோடு, மீதிப் பேர் முதுகில் பெரிய பையோடு. அத்தனை பேர் முன்னாலும் மானம் போகிறது.

வாத்தியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. அருமனைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். பேஸ்புக்கில் 'செலவில்லாமல் சுற்றுவோம்' என்று ஒரு பக்கம் நடத்துகிறார். பதினெட்டாயிரம் பேர் படிக்கிறார்கள். அவர்களில் இருபது பேரைத்தான் இன்று வேனில் கூட்டி வந்திருக்கிறார். பேச்சிப்பாறைக்கு எந்த பஸ்ஸில் போவது, எங்கே ஓசியில் குளிக்கலாம், எந்த ஊரில் தலை சாய்க்க இடம் கொடுப்பார்கள், எல்லாம் அவருக்கு அத்துபடி.

ஆறு மாதத்துக்கு முன்னால் குடும்பத்தோடு தேங்காய்ப்பட்டணம் வந்தார். மழை பிடித்துக்கொண்டது. கையில் மனைவி ஜெபகுமாரி வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு இருந்தது. இந்தக் கடையில் ஒதுங்கி, "இங்க இருந்து சாப்பிடட்டா?" என்று கேட்டார்.

ததேயுஸின் மனைவி லிஜிதான் கடையைப் பார்த்துக்கொள்கிறவள். உடனே பெஞ்சைத் துடைத்துவிட்டாள். பொதியைப் பிரித்தால் துவையலும் முட்டையும்தான். கடற்கரைக்காரிக்கு அது பொறுக்குமா? மீன் இல்லாமல் ஒருத்தர் தன் முன்னால் சோறு தின்பதை அந்தக் கரையில் யாரும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். நாலு இலையிலும் சாளைக் கறியை ஊற்றினாள்.

காசை நீட்டியபோது வாங்கவில்லை. "சோறு உங்களுக்க சோறு. கொறச்சு கறி ஊத்துனதுக்குக் காசா சாரே?" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலமே வாத்தியார் எழுதினார். 'தேங்காய்ப்பட்டணம் லிஜி அக்கா கடை. சோறு மட்டும் கொண்டு போங்கள். உட்கார இடமும் மீன்கறியும் இலவசம்.'

நாலாயிரம் லைக். ஒரு கடையை வாழவைத்த திருப்தி வாத்தியாருக்கு.

அந்தக் கடையில்தான் இப்போது இந்த வரவேற்பு.

"அண்ணே, என்னைத் தெரியலியா? உங்களுக்க கடைய ஊரெல்லாம் அறியவச்சது நான்தான்."

ததேயுஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஓ, அது நீங்கதானா?" என்றான்.

அதற்குள் லிஜி வெளியே வந்துவிட்டாள். "நீங்க சும்மா இரிங்க" என்று புருஷனை அடக்கினாள். "கேறி வாங்க சாரே. பிள்ளையள வெயில்ல நிறுத்தாதீங்க."

இருபது பேரும் உட்கார்ந்ததில் கடை நிறைந்துவிட்டது. லிஜி இலை இலையாகக் கறி ஊற்றிக்கொண்டே போனாள். பெரிய பைக்காரன் ஒருவன் இன்னொரு துண்டு கேட்டான். வைத்தாள்.

மீன் லாரி ஓட்டுகிறவர்கள் நாலு பேர் வாசல் வரை வந்தார்கள். இடம் இல்லை என்று கண்டதும் திரும்பி நடந்தார்கள். லிஜி அவர்கள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த இலைக்குக் கரண்டியைச் சாய்த்தாள்.

வாத்தியார் போனில் படம் பிடித்தபடி, "பாத்தியளா, இந்த மனசு ஸ்டார் ஹோட்டல்ல கிடைக்குமா?" என்றார். எல்லாரும் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினார்கள். பிளாஸ்க்கில் சாயா கொண்டு வந்திருந்ததால் கடையில் யாரும் ஒரு சாயாகூடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது ததேயுஸ் ஏணி வைத்து ஏறிக் கடையின் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, புது போர்டு வைக்கியளா?"

"இல்ல சாரே. கடய விடுதோம். இன்னையோட தீந்தது. நாளைக்கு மீன் கம்பெனியில வேலைக்குப் போறேன்."

"ஏன்? நல்லாத்தான கூட்டம் வருது?"

"வருது. ஒருபாடு பேரு வாறாவ. எல்லாம் சோறு கொண்டு வாறவிய. காசு குடுத்துத் தின்ன வாறவியளுக்கு இருக்க எடமில்ல." குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சோறும் கையுமா வந்து நிக்கவியகிட்ட எப்படிச் சொல்ல? எனக்கு அது வராது சாரே. அதான் கடயவே விடுதேன்."

வாத்தியார் நிஜமாகவே வருத்தப்பட்டார். எல்லாரையும் வேனில் ஏற்றினார்.

"முதல்ல அந்த போஸ்ட எடுத்துப் போடுங்க" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த ஜெபகுமாரி.

மறுபேச்சுப் பேசாமல் போனை எடுத்து அழித்தார். ஜெபகுமாரிக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

வேன் நகர்ந்ததும் ஒரு கைக்குழந்தை அழுதது. பால் கலக்க வெந்நீர் வேண்டும். இரண்டு கடை தள்ளி நிறுத்தினார்கள். கடைக்காரி வெந்நீர் கொடுத்தாள். கூடவே இரண்டு மட்டி வாழைப்பழத்தையும் குழந்தையின் அம்மா கையில் திணித்து, காசு வேண்டாம் என்று கையசைத்தாள்.

வாத்தியார் ஜன்னல் வழியாக அந்தக் கடையின் போர்டைப் படித்தார். பிறகு தன்னை நம்பியிருக்கும் பதினெட்டாயிரம் பேருக்காகத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

'நண்பர்களே, லிஜி அக்கா கடையை மூடிவிட்டார்கள். மனம் கனக்கிறது. ஆனால் கவலை வேண்டாம். இரண்டு கடை தள்ளி குளோரி அக்கா கடை இருக்கிறது. அவர்களுக்கும் இல்லை என்று சொல்ல வராது.'