ஒரு குடம் கூடுதல்

எங்கள் தெருவின் நாற்பது வீடுகளுக்கும் சேர்த்து நிலத்தடி நீரில் ஒரே பங்கு. பங்கைக் காப்பது தெருவின் பொறுப்பு, போலீஸ் தலையிடாது. தெருமுனைக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் பத்து நாளைக்கு எந்தக் குழாயிலும் சொட்டு வராது.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் எரிந்தது. இசக்கிராஜ் வீட்டில் ஒரு குடம் கூடுதல் என்று கம்பத்துத் திரை சொன்னது.

“பிள்ளைக்குக் காய்ச்சல்ல மேலு கொதிச்சுது அண்ணாச்சி. ஒரு கொடம் ஊத்துனேன்” என்றான்.

“எங்க வீட்டுலயும் பிள்ளைக இருக்குல்லா” என்று தெருத்தலைவர் ஆவுடையப்பன் கடப்பாரையால் அவன் முழங்காலை உடைத்தார். அப்புறம் எல்லோரும் அடித்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் செருப்பில் அவன் பல் ஒட்டியிருந்தது.

மறுநாள் நாங்களே பாடை கட்டித் தூக்கினோம். தெருக்காரன் இல்லையா. சுடுகாட்டிலிருந்து திரும்பி அவரவர் வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம். எழவுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் எப்படி உள்ளே நுழைவது?

சற்று நேரத்தில் சிவப்பு எரிந்தது. திரையில் முப்பத்தொன்பது வீடுகளின் எண்கள்.

ஆவுடையப்பன் கடப்பாரையோடு வந்தார். “எவம்ல மொதல்ல குளிச்சது?”

அவர் தலையிலிருந்தும் சொட்டியது.

இசக்கிராஜின் மனைவி செண்பகவல்லி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தாள். “என் தலையைத் தொட்டுப் பாருங்க அண்ணாச்சி. காஞ்சு கெடக்கு.”

ஆவுடையப்பன் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். நான் அவசரமாகத் தலையைத் துவட்டத் தொடங்கினேன்.