பிறவிக் கோணல்

செக்கிழுத்த காளைக்குக் கால் முறிந்துபோனது. குணமாகும்வரை முதலாளி குரங்குதான் வைக்கோல் போட வேண்டும் என்று நீதிபதி ஆமை தீர்ப்புச் சொன்னது. குரங்கின் வக்கீல் ஒட்டகம் விடுமா? மேல் கோர்ட்டு யானையிடம் அப்பீல் போட்டது.

“கனம் நீதிபதி அவர்களே! அந்தக் கால் பிறவியிலேயே கோணல்!”

“இதையேதானே ஆமையிடமும் சொன்னீர்?”

“இப்போ கொஞ்சம் சத்தமாச் சொல்றேனுங்க.”

கேஸ் முடியட்டும் என்று குரங்கு வைக்கோலைத் தொடவே இல்லை. காளைக்கு விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. யானை அதைப் பார்த்தது.

“வெட்டி அப்பீல் போட்டு இவனைப் பட்டினி போட்டது நீர். குரங்கு இன்றே வைக்கோல் போடட்டும். இவன் எழுந்து நடக்கும்வரை செக்கை நீர் இழுக்க வேண்டும்.”

ஒட்டகம் செக்கைச் சுற்றியது. மறுநாளே கழுத்து சுளுக்கிக்கொண்டது.

“ஐயோ முதலாளி, கழுத்து போச்சு! எனக்கும் வைக்கோல் போடுங்க!”

குரங்கு தொண்டையைச் செருமிக்கொண்டு, அச்சு அசல் ஒட்டகக் குரலில் ஆரம்பித்தது.

“கனம் நீதிபதி அவர்களே! அந்தக் கழுத்து பிறவியிலேயே…”

வைக்கோல் மென்றுகொண்டிருந்த காளைக்குப் புரையேறிவிட்டது.