பூவிழியின் வளைகாப்பு

செயற்கைக் கருப்பையின் கண்ணாடிக்குள் குழந்தை மெல்லப் புரண்டது. ஏழாம் மாதம் என்பதால், வளைகாப்பு நடத்த மருத்துவமனை அனுமதித்திருந்தது.

பூவிழிக்கு ஏழு வயதில் புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால், அவள் பிற்காலத்தில் தாயாக வேண்டுமே என்று சினைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உறைய வைத்தார்கள். பூவிழி பிழைக்கவில்லை. துண்டு பிழைத்தது. அதிலிருந்து வந்த குழந்தை இது.

வளையல் போடக் கை இல்லாததால், செண்பகம் மகள் பூவிழியின் படத்துக்கு முன்னால் கண்ணாடி வளையல்களை அடுக்கினாள். படத்தின் கன்னத்தில் சந்தனம் பூசினாள்.

"வளையலக் குலுக்குங்கம்மா, குழந்தைக்குக் கேக்கும்," என்றாள் நர்ஸ்.

செண்பகத்தின் கணவர் திருமேனி ஒரு வளையலை எடுத்துப் பார்த்தார். அவருடைய மூன்று விரல்கூட அதற்குள் நுழையவில்லை.

"என்ன செண்பகம், சின்னப் புள்ள வளையலா வாங்கிருக்க? இருந்திருந்தா அவளுக்கு இப்ப இருபத்தஞ்சு வயசு."

செண்பகம் குங்குமச் சிமிழை மூடினாள்.

"பொண்ணோட கை அளவு என்னன்னு கடைக்காரர் கேட்டாருங்க. எனக்கு இந்த அளவுதான் தெரியும்."