முயல் அறையில் ஒரு பார்வையிடல்

புது ஷாம்பு பரிசோதனைக்கு இன்னும் ஓராண்டு அனுமதி தரலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருக்கும் நெறிமுறைக் குழு, முயல் அறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே ட்யூப்லைட்டின் வெளுத்த வெளிச்சத்தில், தலை மட்டும் வெளியே நீளும் பெட்டிகளுக்குள் முயல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் சிவந்து வீங்கி, ஓரத்து முடி ஈரத்தில் ஒட்டிக் கிடக்கிறது. குழுத் தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று ஆய்வுக்கூட மேலாளரைப் பாராட்டுகிறார். குழுவில் புதிதாகச் சேர்ந்த கால்நடை டாக்டரம்மா மட்டும் உள்ளே போய், ஒரு முயலின் இமையை மெல்ல விலக்குகிறார். "சார், இதுக்குப் பார்வையே போயிடும் போலிருக்கு. கிட்ட வந்து பாருங்க." "அதுங்களுக்கெல்லாம் பழகிப் போயிருக்கும்மா. வாங்க, டீ ஆறுது" என்று சலித்துக்கொண்டே தலைவர் பெட்டியருகே குனிகிறார். முயல் தலையை உதறுகிறது. அதன் கண்ணில் விட்டிருந்த ஷாம்பு ஒரு துளி அவர் கன்னத்தில் தெறிக்கிறது. "ஐயையோ, கண்ணுல பட்டிருக்கா பாருங்க" என்று தலைவர் அலறுகிறார். மேலாளர் ஓடிப்போய்க் குழாயைத் திறக்கிறார். ஒருவர் துண்டு நீட்டுகிறார், இன்னொருவர் கண் டாக்டருக்குப் போன் போடுகிறார். பெரிய மனிதர் தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்து, பட்டும் படாத கண்ணைக் கழுவு கழுவென்று கழுவுகிறார். டாக்டரம்மா பெட்டியின் கழுத்துப் பலகையைத் தூக்கி முயலை வெளியே எடுக்கிறார். "என்னம்மா பண்றீங்க?" என்று மேலாளர் பதறுகிறார். முயலை மார்போடு அணைத்தபடி டாக்டரம்மா தலைவரின் பின்னால் வந்து நிற்கிறார். "கொஞ்சம் தள்ளுங்க சார். இதுக்கும் கழுவணும்."