வரப்போரப் பண்ணைக்கீரை

மக்காச்சோளக் காட்டில் முளைக்கும் பண்ணைக்கீரைக்குக் களைக்கொத்து என்றால் பயமே கிடையாது. வெட்டுப்பட்டாலும் களையெடுக்க வரும் வெள்ளத்தாயின் மடியேறி அவள் பிள்ளைகளின் சோற்றுக்குத்தானே போகிறோம் என்று அதற்குப் பெருமை.

இந்த வருசம் வெள்ளத்தாய் மட்டும் தனியாக வந்தாள்.

"களையெடுக்க வேற ஆள் வரலையாக்கா?" என்று அவள் கையிலிருந்த களைக்கொத்திடம் கேட்டது கீரை.

"காட்டுக்காரர் நேத்தே களைக்கொல்லி அடிச்சிட்டாராம். இனி வேலை இல்லை. வீட்டுல கொதிக்க வைக்கவும் ஒண்ணுமில்லை" என்றது களைக்கொத்து.

கீரைக்கு வேர்வரை எரிந்தது. "ஐயோ, நானும் அதுல நனைஞ்சிட்டேனே! அவளைப் போகச் சொல்லுக்கா."

"நம்ம பேச்சு அவளுக்கு என்னைக்குக் கேட்டிருக்கு?"

வெள்ளத்தாய் குனிந்து பார்த்தாள். "வரப்போரம் மருந்து படலை போல. பச்சையாத்தான் இருக்கு."

தன்னை யாரும் பறித்துவிடக் கூடாதே என்று அந்தக் குலத்திலேயே முதல்முறையாக ஒரு கீரை வேண்டிக்கொண்டது.

அவள் மடியைக் கட்டிக்கொண்டு பிடுங்கத் தொடங்கினாள்.