மேல்வீட்டு பாத்ரூம்

மேல்வீட்டில் தனியாக இருக்கும் மணவாளன் காலை ஆறு மணிக்குக் குளித்தால், ஆறு ஐந்துக்குக் கீழே கனிமொழியின் சமையலறையில் தண்ணீர் சொட்டும். எட்டு மாதமாக இதே தொல்லை. திங்கட்கிழமை, காய்ந்த எண்ணெயில் சொட்டு விழுந்து தெறித்து அவள் கை வெந்தது. படியேறிப் போய்க் கத்தினாள்.

"இனிமே எங்க வீட்ல ஒரு சொட்டு விழக்கூடாது சார்!"

"நாளைக்கே வாட்டர்புரூப் பண்ண ஆள் வராங்கம்மா. கோச்சுக்காத."

மறுநாள் அவள் கடலூர் ஆபீசுக்குப் போய்விட்டு இருட்டியபின் சிதம்பரம் திரும்பினாள். புதன்கிழமை காலையில் ஒரு சொட்டு இல்லை. வியாழனும் இல்லை.

"பாத்தீங்களா, சத்தம் போட்டாதான் வேல நடக்குது," என்றாள் கணவனிடம்.

"மேல ஆள் நடமாட்டமே காணமே?"

"பூசின மருந்து காயற வரைக்கும் பாத்ரூம்ல தண்ணி படக்கூடாதுங்க. மக வீட்டுக்குப் போயிருப்பாரு."

சொட்டுக்கு வைத்திருந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பெல் அடித்தது. வாசலில் மருந்து டப்பாவும் பிரஷ்ஷுமாக இரண்டு பேர்.

"அக்கா, மேல்வீட்டு சார் கதவு தொறக்கல, போனும் எடுக்கல. செருப்பு வெளியதான் கெடக்கு, கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு."

"அதான் வேல முடிஞ்சிடுச்சே?"

"எங்கக்கா? மழைல எங்க கிள்ளை ரோடு பூரா தண்ணி. மூணு நாளா வரவே முடியல. இன்னிக்குத்தான் ஆரம்பிக்கணும்."

கனிமொழி திரும்பிச் சமையலறைச் சீலிங்கைப் பார்த்தாள்.

ஒரு சொட்டு இல்லை.